எட்டு அபிப்பிராயங்களும் ஒரு பிழைதிருத்தமும்

படிக்காத புத்தகத்துக்கு அபிப்பிராயம் எழுதுவதில் எங்கள் திருநெல்வேலி ஜில்லாப் பெரிய மனிதர்களை மிஞ்ச ஆள் கிடையாது. பாளையங்கோட்டையில் அப்பாத்துரை அண்ணாச்சியின் அச்சுக்கூடத்தில் பதினேழு வருஷம் பிழை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். என் பெயர் எலியேசர். ஈரம் காயாத அச்சுத்தாளை முதலில் படிக்கிறவன் நான். பல புத்தகங்களைக் கடைசியாகப் படித்தவனும் நானே.

அந்த வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் புத்தகம் எழுதி முடித்தால் வக்கீல், தாசில்தார், பண்ணையார், பண்டிதர் என்று எல்லார் வீட்டுக்கும் ஆள் அனுப்புவார். அவர்களும் "ஆதியோடந்தமாய் வாசித்து ஆனந்தமடைந்தோம்" என்று எழுதிக் கொடுப்பார்கள். அதெல்லாம் முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஏறும். சில புத்தகங்களில் வீட்டைவிட வாசல்நடை பெரிதாக இருக்கும். கையெழுத்துப் பிரதியோ ஒன்றே ஒன்று. அது என் மேஜைமேல் கிடக்கும். அப்படியென்றால் இவர்கள் எதை வாசித்து ஆனந்தமடைந்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. என் வேலை எழுத்துப் பார்ப்பது.

டில்லியில் மகுடாபிஷேகம் நடந்த இரண்டாம் வருஷம், திருநெல்வேலி டவுண் கீழரதவீதியிலிருந்து ஆவுடைநாயகம் பிள்ளை ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். தாலுக்கா கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்குப் பொழுது போகாவிட்டால் தமிழுக்குத்தான் கஷ்டகாலம். அவர் கொண்டுவந்தது வில்லுப்பாட்டுக்காரர் சுடலையாண்டியின் சரித்திரம்.

சுடலையாண்டியைத் தெரியாதவர்கள் தாமிரபரணிக் கரையில் அன்றைக்கு இல்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே ஆலடிக்கரை என்ற ஊர்க்காரர். அவர் வில் நாணில் வீசுகோலைத் தட்டினால் பாபநாசத்திலிருந்து கடற்கரை வரைக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கூட்டம் வண்டி கட்டிக்கொண்டு போகும். செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆவுடைநாயகம் பிள்ளை அவர் பாட்டை ஒருநாளும் கேட்டதில்லை. மாடன் கோயில் பாட்டைக் கேட்பது அவர் குலத்துக்குக் குறைச்சல். ஆனால் பேரும் புகழும் உள்ள செத்த மனிதர் ஒருவர் கிடைத்திருக்கும்போது விட மனசில்லை. தகவலெல்லாம் தம் வண்டிக்காரனிடம் விசாரித்து எழுதியதாக அவரே பெருமையாகச் சொன்னார்.

வண்டிக்காரன் சொன்னதையாவது அப்படியே எழுதியிருக்கலாம். இந்த மகான் புலால் தொடாதவர் என்று எழுதினார். சுடலையாண்டிக்கு அயிரை மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. ஆவுடைநாயகத்தின் பாட்டனாருடைய காலடியில் அமர்ந்து பாட்டுக் கற்றார் என்று எழுதினார். அந்தப் பாட்டனாருக்கு ராகமும் தெரியாது, ரோகமும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே, பதினாலாம் பக்கத்தில், "இவர் இல்லறம் நாடாது, மனைவி மக்கள் என்னும் தளையின்றி, சித்தரைப்போல் வாழ்ந்து மறைந்தார்" என்று எழுதினார்.

அந்த இடத்தில் என் பேனா நின்றது. சுடலையாண்டிக்கு மனைவி உண்டு. பெயர் மாரிக்கண்ணு. இருபது வருஷம் அவருக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்து வில்லுக்குக் குடம் அடித்தவள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, ஆவுடைநாயகம் பிள்ளை சோறுகூட இல்லாமல் மறைத்திருந்தார். எனக்கு அவளைத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் சொல்ல முடியாது. நான் ஆலடிக்கரைக் கிறிஸ்தவ உபதேசியாரின் மகன். பேய்க்கோயில் கொடைப்பாட்டைக் காதால் கேட்டாலே எங்கள் சபையில் பாவம். வாயைத் திறந்தால், உனக்கெப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அந்த வாக்கியத்தில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

பிறகு அபிப்பிராயங்கள் வந்தன. மொத்தம் எட்டு. வக்கீல் ஒருவர், இந்நூலாசிரியரின் ராமபக்தி தம்மை உருக்கியதாக எழுதியிருந்தார். புத்தகத்தில் ராமர் எங்கும் வரவில்லை. ஒரு பண்டிதர் வெண்பா அனுப்பினார். அதில் நாயகன் பெயரை வைத்தால் தளை தட்டும் என்பதால் பெயரே இல்லை. ஓய்வுபெற்ற தாசில்தார் பாதிக்குமேல் தம்முடைய உத்தியோக காலத்தைப் பற்றியே எழுதியிருந்தார்.

எட்டாவது ஆள் தாணுமாலையன் பிள்ளை. ஆலடிக்கரையில் பாதி வயலும் வாழைத்தோட்டமும் அவருடையவை. அந்த ஊர் மாடசாமி கோயிலின் தர்மகர்த்தாவும் அவரே. புதிதாக எழுதச் சோம்பல்பட்டு, போன வருஷம் கொடுத்ததையே புத்தகத்தின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினார். போன வருஷம் அவர் அபிப்பிராயம் கொடுத்த புத்தகம் ஒரு மாட்டு வைத்தியம். அது மறுபடி அச்சாகும் என்று அவருடைய அபிப்பிராயப் பக்கத்து ஈய எழுத்துகளைக் கலைக்காமல் நூல் கட்டி வைத்திருந்தோம். அப்பாத்துரை அண்ணாச்சி அதை எடுத்துக் கொடுத்து, பெயரை மாற்றும் என்றார். நான் பெயரை மாற்றினேன். மிச்சத்தை மாற்றும்படி ஒருவரும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் செய்தேன்.

புத்தகம் வெளிவந்து நாலு மாசம் ஆயிற்று. ஐந்நூறு பிரதி. எட்டுப் பேருக்கும் பட்டுநூல் கட்டிக் கொடுத்தாயிற்று. ஒருவருடைய பட்டம் விட்டுப்போயிற்று என்று ஒரு கடிதம் வந்தது; தம்முடையதை வக்கீலுக்குப் பின்னால் போட்டது ஏன் என்று தாசில்தார் ஆள் அனுப்பிக் கேட்டார். வேறு ஒரு புகாரும் இல்லை. அவரவர் அவரவருடைய பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

ஆடி மாசக் கடைசியில் ஒரு பகல் வேளை மாரிக்கண்ணு அச்சுக்கூடத்துக்கு வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் துணியில் சுற்றிய அந்தப் புத்தகம். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் அவளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் சொன்னது இதுதான். ஆலடிக்கரைக் கோயிலில் கொடைக்கு எட்டு நாள் முன்னால் பந்தற்கால் நாட்டுவார்கள். அன்றைக்குத் தர்மகர்த்தா யார் கையில் வெற்றிலை கொடுக்கிறாரோ அவர்தான் அந்த வருஷம் வில்லுக்கு உட்காரலாம். அந்த வெற்றிலை சுடலையாண்டிக்கும் அவர் குடும்பத்துக்கும் உரியதென்று ஊர்க்கூட்டம் எப்போதோ முடிவுசெய்தது. போன வருஷம் அவளே வீசுகோலைப் பிடித்துப் பாடினாள். இந்த வருஷம் தாணுமாலையன் பிள்ளை வெற்றிலையை வேறொரு குழுவுக்குக் கொடுக்கப் போகிறார். தாலி அறுத்தவள் வில்லில் உட்காருவது அவருக்குப் பிடிக்கவில்லை. கேட்டதற்கு, கணக்குப்பிள்ளை தேடிப் பிடித்துக் கொடுத்த பக்கத்தைப் புத்தகத்தில் காட்டினாராம். சுடலையாண்டிக்குக் குடும்பமே கிடையாது என்று அச்சில் இருக்கிறது, எட்டுப் பெரியவர்கள் சாட்சி என்றாராம்.

"வெற்றிலை போச்சுன்னா வில்லு போச்சு. வில்லு போச்சுன்னா நான் யாரு?" என்றாள். "எழுத்து வைக்கது நீங்கதானே. அதுல என்னைய வச்சுத் தாங்க."

பந்தற்காலுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. ஆசிரியர் சொன்னால்தான் எதையும் மாற்றலாம் என்று சொல்லி அவளை அனுப்பினேன். ஆனால் அன்று மாலையே வண்ணார்பேட்டை வழியாகப் பாலத்தைத் தாண்டி டவுணுக்கு நடந்தேன். புத்தகத்தின் கடைசியில் பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுத்தாள் ஒட்டினால் போதும், இது எங்கும் உள்ள வழக்கம்தான் என்று ஆவுடைநாயகம் பிள்ளையிடம் பணிவாகச் சொன்னேன். அவர் சிரித்தார். பெண்டாட்டி வந்தால் சித்தர் போய்விடுவார் என்றார். அவள் ஒருத்தி இருப்பது தமக்கு முன்னமே தெரியும் என்றும், சரித்திரத்துக்கு அது அழகில்லை என்றும் கூசாமல் சொன்னார்.

நான் மறுபடி கேட்டபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வே எலியேசர், எட்டுப் பெரிய மனுசங்க வாசிச்சு அபிப்பிராயம் குடுத்திருக்காங்க. ஈய எழுத்துப் பொறுக்குத உமக்கு என்ன வே தெரியும்?"

நியாயத்துக்காக ஆலடிக்கரைக்குப் போனேன் என்று சொன்னால் அது பொய். அந்த ஒரு பேச்சுக்காகப் போனேன். வாசித்தவன் நான் ஒருவன்தான், அதை இந்த ஜில்லாவுக்குக் காட்டிவிட வேண்டும் என்று மனசுக்குள் கொதித்தது. எங்கே போகிறீர்கள் என்று என் மனைவி சாலோமி கேட்டாள். பிறந்த ஊருக்கு என்றேன். மாட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் கோபம் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. கால் நாட்டியாகிவிட்டது. தாணுமாலையன் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்; பக்கத்தில் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம். ஒரு பக்கம் புதுக் குழு, மறு பக்கம் மாரிக்கண்ணு தன் ஆட்கள் மூன்று பேரோடு நின்றாள். அவர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, அச்சில் உள்ளதற்குமேல் தமக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றார். இருபது வருஷம் அவள் குடம் அடித்ததைக் கண்ணால் பார்த்த ஊர் அது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஐம்பத்தாறு பக்கப் புத்தகம் ஒன்று மூடிவிட்டது.

நான் கோயில் எல்லைக்கு வெளியே நின்றபடி, நான் இன்னார், இந்தப் புத்தகத்தை அச்சடித்த இடத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். பதினாலாம் பக்கத்தை மட்டும் காட்டினால் எப்படி, முன்னாலிருந்து வாசிக்க உத்தரவு வேண்டும் என்று கேட்டேன். அவருக்கு மகிழ்ச்சி. தம் அபிப்பிராயத்தையே முதலில் வாசிக்கச் சொன்னார். எல்லாருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

"'சுடலையாண்டிப் புலவர் சரித்திரம் என்னும் இந்நூலை ஆதியோடந்தமாய் வாசித்து ஆனந்தமடைந்தோம். இதிற்கண்ட முறைகளை நமது தொழுவத்திலேயே செய்து பார்த்ததில், வயிறு உப்பிக் கிடந்த காளைகள் இரண்டும் மூன்றாம் நாள் எழுந்து நின்று சாணமிட்டன. கறவை மாடுள்ள ஒவ்வொரு வீட்டிலும் இஃது இருக்க வேண்டும். இங்ஙனம், ஆலடிக்கரை தாணுமாலையன் பிள்ளை.'"

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு பெண்கள் பக்கம். பிறகு கூட்டம் முழுவதும். தாணுமாலையன் பிள்ளை புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் அதை வாசித்தார். முகம் கறுத்துப்போய், இது தம்முடையது அல்ல என்றார். அப்படியானால் புத்தகத்தில் பொய் இருக்கிறது என்று ஆகிறது என்றேன். அல்ல, தம்முடையதுதான் என்றார். அப்படியானால் சுடலையாண்டி சரித்திரம் காளைக்கு வைத்தியமா என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. எனக்கு உச்சி குளிர்ந்தது. பதினேழு வருஷத்துக் கசப்பு அந்த ஒரு சிரிப்பில் கரைந்தது.

ஆனால் அவர் லேசுப்பட்டவர் அல்ல. "சரிவே, காளையை அச்சுக்காரன் உள்ள விட்டுட்டான். அதுக்காவ இவ பெண்டாட்டின்னு ஆயிருமா? கூட உக்காந்து பாடினதுக்கு வெளியூர்ச் சாட்சி யாரு? நீரு வேதக்காரர். நீரு கண்டீரா?"

கூட்டம் என் பக்கம் திரும்பியது. எங்கள் கிறிஸ்தவத் தெரு ஆட்கள் இரண்டு பேர் வயலுக்குப் போகிற வழியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லப்போவது ஞாயிற்றுக்கிழமைக்குள் பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேரும். அந்த நேரம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு தூரம் சிரிக்க வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வண்டி ஏறினால் அந்த எட்டுப் பேரோடு நான் ஒன்பதாவது ஆள்.

"கண்டேன்," என்றேன். "கண்டதவிடக் கேட்டேன். பன்னெண்டு வருசம் பாளையங்கோட்டைலருந்து வந்து மத்தியானக் கொடைக்கு வாய்க்காக்கரைப் புளிய மரத்துக்குப் பின்னால நின்னு கேட்டேன். அவருக்குப் பாட்டு நடுவுல வரி மறந்து போவும். மறந்தா இந்த அம்மா குடத்துல ரெண்டு அடி கூட அடிப்பாங்க. அடிச்சுக்கிட்டே அடுத்த வரியப் பைய எடுத்துக் குடுப்பாங்க. ஒரு கொடைக்கு இருபது தடவையாவது அது நடக்கும். பாட்டு அவரு வாயில வந்துச்சு. இருந்தது இவங்ககிட்ட."

பிறகு ஊர்க்காரர்களுக்கு ஒவ்வொருவராக ஞாபகம் வந்தது. ஆமாம் என்றார் ஒருவர். இரண்டடி கூட விழும் என்றார் இன்னொருவர். ஒரு வேதக்காரன் சொன்ன பிறகுதான் அவர்கள் காதில் இருபது வருஷத்துக் குடம் கேட்டது. தாணுமாலையன் பிள்ளை காற்று அடிக்கிற திசையைப் பார்த்துக்கொண்டார். எல்லாம் அச்சுக்காரன் செய்த தப்பு என்று முடித்துவிட்டு, தாம்பாளத்திலிருந்த வெற்றிலையை எடுத்து மாரிக்கண்ணுவின் கையில் கொடுத்தார். எழுதினவருக்கும் குற்றமில்லை, அபிப்பிராயம் கொடுத்தவர்களுக்கும் குற்றமில்லை, ஈய எழுத்தின்மேல் பழி போயிற்று.

அவள் வெற்றிலையை மடியில் கட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"அச்சுக்குப் போறதுக்கு முந்தி நீரு அத முழுக்க வாசிச்சீரா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"அப்பமே உமக்கு என்னையத் தெரியும்."

தெரியும் என்றேன். எழுத்துப் பிழை பார்ப்பது மட்டும்தான் என் வேலை என்று சேர்த்துச் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கே அசிங்கமாகப் பட்டது.

"அவங்க யாரும் படிக்கல. படிக்காதவங்க மேல எனக்கு என்ன கோவம்? நீரு படிச்சீரு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வண்டியில் திரும்பும்போது எனக்கு அந்த எட்டுப் பேருடைய முகமும் நினைவுக்கு வரவில்லை. இத்தனை காலமும் அவர்களை இளப்பமாக நினைத்தே என் மரியாதையைக் காப்பாற்றி வந்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள். நான் கோழை. பிழை பார்க்கிறவன் என்று பேர் வைத்துக்கொண்டு, ஒரு மனுஷியைக் கோடு போட்டு அடித்த பக்கத்தில் சரி என்று கையெழுத்துப் போட்டவன்.

மறுநாள் நானே எழுத்துக் கோத்தேன். அப்பாத்துரை அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். ராத்திரி எல்லாரும் போன பிறகு, விற்காமல் கிடந்த முந்நூற்றுச் சொச்சம் பிரதிகளின் கடைசியிலும் துண்டுத்தாளை ஒட்டினேன். எட்டுப் பேருக்கும் ஆசிரியருக்கும் தபாலில் ஒவ்வொன்று அனுப்பினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"பிழைதிருத்தம். பக்கம் 14. மனைவி மக்கள் இன்றி என்றது பொய். இவர் மனைவி மாரிக்கண்ணு. பாட்டில் பாதிக்குமேல் அவளுடையது. இது அச்சுப்பிழை அன்று. எழுதியவர் தெரிந்தே எழுதினார். வாசித்தவன் தெரிந்தே விட்டான். வாசித்தவன் பெயர் எலியேசர்."

மூன்றே நாளில் ஆவுடைநாயகம் பிள்ளை அச்சுக்கூடத்து வாசலில் நின்று கத்தினார். வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. தாசில்தார் நாலு பக்கம் எழுதினார். பண்டிதர் என்னைத் திட்டி ஒரு வெண்பா அனுப்பினார். அதில் என் பெயர் தளை தட்டாமல் உட்கார்ந்திருந்தது. அந்தத் துண்டுத்தாள் ஒன்றை மட்டும் எட்டுப் பேரும் ஓர் எழுத்து விடாமல் வாசித்திருந்தார்கள். அண்ணாச்சி என்னைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார். சபையில் ஆறு மாசம் நற்கருணைக்கு வரக்கூடாது என்றார் போதகர். வீட்டில் சாலோமி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதிலெல்லாம் எனக்கு ஒரு வருத்தமும் வரவில்லை.

கொடை அன்று மத்தியானம் ஆலடிக்கரைக்குப் போனேன். புளிய மரத்துக்குப் பின்னால் போகவில்லை. பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். மாரிக்கண்ணு வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து வீசுகோலை எடுத்தாள். வில்லுப்பாட்டில் கதை தொடங்கும் முன் சபையோரை வணங்கிப் பிழை பொறுக்கச் சொல்வது முறை. குரல் கணீரென்று இருந்தது. வலப்பக்கம் இருந்தவர்களைப் பார்த்துப் பிழை பொறுக்கச் சொன்னாள். இடப்பக்கம் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள். நாற்காலியில் இருந்த தாணுமாலையன் பிள்ளையைப் பார்த்துக்கூடச் சொன்னாள்.

நான் நேர் எதிரே இருந்தேன். கதை முடியும்வரை என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.